சாக மறுக்கும் செல்லும் வாப்பாவின் சம்மதமும்

“தானாச் சாகிற செல்லப் பத்திப் படிக்கிறதுக்குப் பேராதனைக்குப் போகோணுமா மகள்? வாப்பாட கடையில இருந்தா நாள் முழுக்க செத்த கோழியப் பார்க்கலாமே!” என்றார் மாமி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டமும் வாங்கிவிட்டேன். பேராதனையில் ஓர் ஆய்வுகூடம் என்னை ஆராய்ச்சிக்கு அழைத்திருந்தது. கல்முனையில் புரியாணிக் கடை வைத்திருக்கும் வாப்பாவோ “பார்ப்பம்” என்பதைத் தாண்டவில்லை.

உம்மா அதையும் கெடுத்தார். எங்கள் பக்கம் புற்றுநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ‘அந்த வருத்தம்’தான். நான் எதற்குப் பேராதனை போகிறேன் என்று பக்கத்து வீட்டு ராத்தா கேட்க, உம்மா குரலைத் தாழ்த்தி, “அந்த வருத்தத்துக்காகத்தான்” என்றிருக்கிறார்.

அசர் தொழுகைக்குள் வீடு நிறைய நோய் விசாரிக்க வந்த பெண்கள். தோடம்பழம், மால்ட் டின், ஓதின தண்ணி. கேலி செய்த மாமியே என் கையைப் பிடித்து அழுதார்.

“எனக்கு ஒண்டுமில்ல மாமி! படிக்கத்தான் போறன்.”

“எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க,” என்று ராத்தா மூக்கைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த வாப்பா, கூட்டத்தைக் கண்டு வெளிறிப் போனார்.

இனி விளக்கித்தான் ஆக வேண்டும்.

“வாப்பா, மாட்டுப் புரியாணிப் பார்சல எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?”

“ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். கோழிக்கு ஒண்டு.”

“ஆர்.என்.ஏ.யும் அப்பிடித்தான். மரபணு அனுப்புற கட்டளைட நகல் அது. அதுல சின்ன ரசாயனக் குறி ஒட்டும். கட்டளை மாறாது. ஆனா குறியப் பார்த்துத்தான் செல் அத வெச்சிருக்கும், இல்லாட்டி அழிக்கும். பழுதான செல்லுக்குச் ‘சாவு’ எண்டு கட்டளை வரும். சில புற்றுநோயில பிழையான குறி விழுந்து, அந்தக் கட்டளை வேலை செய்ய முதல் அழிஞ்சிரும். செல் சாகாமப் பெருகும்.”

புற்றுநோய் என்றதும் அறை முழுக்க “அஊது பில்லாஹ்” என்று இறைவனிடம் காவல் தேடியது. மாமி சின்னப் பிள்ளைகளை வெளியே தள்ளினார். வாப்பா மட்டும் தாடியைத் தடவினார்.

“அப்ப பார்சல் கட்டினவன்ட பிழை. ரப்பரக் கழட்டி மாத்திப் போடேலாதா?”

“அதத்தான் தேடப் போறன்.”

“இன்னும் ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாதா?”

“இல்ல வாப்பா.”

அவர் நிமிர்ந்து, ஆய்வுகூடமே தன்னுடையது போல எல்லாரையும் பார்த்தார். “ஓம், போகட்டும். ஆனா தனிய விடமாட்டன். நானும் போவன்.”

அன்று காலையிலேயே, பேராதனை வழியாகப் போகும் கண்டி பஸ்ஸில் இரண்டு சீட் பதிந்திருந்தேன். ஜன்னலோரம் எனக்கு, மற்றது வாப்பாவுக்கு.