சேட்டு மிக்சரும் சோமனூர் மாப்பிள்ளையும்

“…நல்லாத்தானுங்க இருக்குது. இருக்கறது தீரட்டுமுங்க, அப்பறமா வாங்கிக்கறனுங்க.”

சோமனூர் மளிகைக் கடை பாப்பாத்தியக்காவின் இந்தக் குரல் போன வாரம் திடீரென்று காதில் கேட்டது. என் மகள் செல்போனில் வரவழைத்த மிக்சரை ஒரு வாய் மென்றாள். மறு நிமிஷம் ‘படு மட்டம்’ என்று தட்டி ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டாள். எனக்குப் பக்கென்றது. அன்றைக்கு எங்களுக்கு இப்படியொரு மகள் இருந்திருந்தால் ஒரு கம்பெனியே தள்ளாடியிருக்காது.

தொண்ணூறுகளில் நான் ஹர்ஷத் பாயின் மிக்சர் கம்பெனியில் கடை கடையாகப் போய் சரக்குப் போடும் ஆள். கம்பெனி என்றால் கோயமுத்தூரில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு அடுப்பு, ஒரு கிழட்டு வேன். குஜராத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து இறங்கியவர்கள். வட்டிக்கடை இல்லாவிட்டாலும் ஊர் அவரைச் சேட்டு என்றது. என் சட்டையில் ஏறியிருந்த எண்ணெய் வாசத்துக்கு பஸ்ஸில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சங்கடம் ஒன்றே ஒன்றுதான். பாயின் மனைவி ஹன்ஸா பென், அவர்கள் ஊர் வழக்கப்படி, மிக்சரில் சர்க்கரை போடுவார், உலர்திராட்சையும் போடுவார். காரம் வரும், இதோ வரும் என்று காத்திருக்கும் நாக்கு கடைசிவரை காத்திருக்கும்.

எங்கள் பக்கத்து ஜனம் செத்தாலும் முகத்துக்கு நேராகப் பண்டத்தைக் குறை சொல்லாது. பாய்க்கு அது தெரியாது. நானும் இந்த மண்ணில் பிறந்தவனாயிற்றே, எந்த வாயால் சொல்வேன்?

“என்ன சொன்னாங்க?” என்பார்.

“நல்லா இருக்குதுன்னாங்க, பாய்.”

பொய்யில்லையே! அவர் பூரித்துப்போய் இன்னொரு மூட்டை கடலை மாவு இறக்குவார். விற்காமல் திரும்பி வரும் பொட்டலங்களுக்கு ஆடி மாசத்தைக் காரணம் சொல்வார். ஆடி முடிந்தும் சொன்னார்.

ஹன்ஸா பென் அப்படியில்லை. ஒரு நாள் பொட்டலம் கட்டிக்கொண்டே, “இந்தத் தீபாவளியும் போச்சுன்னா ஊருக்கே போயிடுவோம்” என்றார். “நீங்களே ஒரு தடவை என்கூட லைனுக்கு வாங்க, கடை கடையா பாத்துட்டு வரலாம்” என்றேன். என் தைரியம் அவ்வளவுதான்.

மூவருமாகச் சோமனூர் போனோம்.

“நல்லா இருக்கா?” என்றார் பாய்.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றார் பாப்பாத்தியக்கா.

பாய் என்னைப் பார்த்த பார்வையில் மத்தாப்பு எரிந்தது. ஹன்ஸா பென்னோ அலமாரியில் தூசி படிந்து கிடந்த எங்கள் பொட்டலங்களைப் பார்த்தார்.

“அக்கா, தீபாவளிக்கு உங்க மாப்பிள்ளை வருவாருல்ல? அவருக்கு இத வெப்பீங்களா?”

“மாப்பிள்ளைக்குங்களா? அய்யோ சாமி! எம்புள்ளையத் திருப்பி உட்டுப்போடுவாருங்க! ஏனுங்க அம்மணி, காரத்துல ஆராச்சும் சக்கரையக் கொட்டுவாங்களா?”

சொன்ன பிறகுதான் அக்கா வாயைப் பொத்தினார். பாய் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். ஹன்ஸா பென் என் பக்கம் திரும்பி, “ஒரு வருஷமா எல்லாருக்கும் தெரியுமா?” என்றார். நான் கடலை மிட்டாய் பாட்டிலை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் பாப்பாத்தியக்கா நின்றார். மஞ்சப்பை நிறையப் பூண்டும் வரமிளகாயும். “மனசு நோவ பேசிப்போட்டனுங்க, தூக்கமே வல்லீங்க” என்றவர் நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். பூண்டு தட்டிப் போட்ட நெடியில் தெருவே தும்மியது. ஹன்ஸா பென் சர்க்கரை டப்பாவை மூடினார். திராட்சையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அக்காவின் கடையும் இல்லை. பிடிக்காததை நல்லா இருக்குதென்று சொல்லிவிட்டு, அதற்காகத் தூக்கம் கெட்டு பஸ் ஏறி வருகிற ஆட்களை எந்த நட்சத்திரத்தில் தேடுவது?

அன்றைக்குப் பூண்டு போட்ட மிக்சர் முதல் ஈடு ஆறியதும், பாய் பயந்து பயந்து கேட்டார்: “நல்லா இருக்கா?”

அக்கா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். காலியான மஞ்சப்பையை உதறி, மாப்பிள்ளைக்கென்று இரண்டு பொட்டலத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, சோமனூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.