சித்தி வைக்காமல் போன இறகுத் தொப்பி

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தலையில் இறகு வைத்த கிளிப், வலை போட்ட குட்டித் தொப்பி, துணிப்பூ வளையம் எல்லாம் வைத்துக்கொண்டு போவது இப்போதும் ஃபேஷன்தானா என்று எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் ஒரு படம் வரும், கீழே ஒரு கேள்விக்குறி வரும். நான் தனுவச்சபுரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். எனக்கு இந்தப் பட்டத்தை யார் கட்டிவிட்டார்கள் என்று தெரியவில்லை. யார் கேட்டாலும் "உண்டு, தைரியமா வை" என்றே பதில் போடுகிறேன். போன மாதம் தங்கை முறைக்காரி ஒருத்தி அனுப்பிய படத்தில் இருந்தது கோழியை அடைக்கு வைக்கிற கூடை மாதிரி இருந்தது. அதற்கும் உண்டு என்றுதான் சொன்னேன். இல்லை என்று என் ஆயுளில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்குக் கல்யாணம். அம்மாவோடு பிறந்தவர்களில் மூத்தவள் பெரியம்மா, அடுத்து அம்மா, பிறகு சித்தி, கடைசியாக மாமா. பாறசாலையிலிருந்து காரோடு என்ற ஊருக்குப் போகிற வழியில் அம்மா பிறந்த வீடு. ஒரு வாரமாக நாங்கள் எல்லாரும் அங்கேதான் கிடந்தோம். சித்தி மட்டும் கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார், பெட்டியில் வந்தார். அந்த அடக்கத்துக்குப் பிறகு சித்தி ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் இல்லை.

வெளிநாட்டுப் பெட்டி திறக்கிற நேரம் எங்கள் வீட்டில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பாதியில் வந்துவிட்டார்கள். சோப்பு, சாக்லேட், தைலம், பெரியப்பாவுக்கு சட்டை என்று எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியில் வட்டமான ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மெல்லிய தாளை விலக்கினால் உள்ளே அந்தத் தொப்பி. தொப்பி என்றால் தலையை மூடுகிற தொப்பி இல்லை, ஒரு சாஸர் அளவுதான். கருநீலம். மேலே துணியில் செய்த இரண்டு பூ, நடுவில் மெல்லிய இரண்டு இறகு, நெற்றியில் வந்து விழ ஒரு துண்டு வலை. முடியில் குத்திக்கொள்ள அடியில் சீப்பு மாதிரிப் பல். அந்த ஊரில் கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் இதைத்தான் வைத்துக்கொண்டு போவார்களாம். கூட வேலை பார்க்கிறவளின் கல்யாணத்துக்காக வாங்கினாளாம். அன்றைக்கு டியூட்டி மாற ஆள் கிடைக்கவில்லை. ஒரு தடவைகூட வைக்காமல் இருந்தது.

"இது ஆருக்குள்ளது?" என்று பெரியம்மா கேட்டாள்.

"எனக்குள்ளதாக்கும். தம்பிக்க கல்யாணத்துக்கு வைக்கலாம்னு."

யாரும் பேசவில்லை. மாமாதான் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, "அக்கா, இது தலையில வைக்கதா, சாயா கிளாஸ மூடதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சித்தியும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பெரியம்மா, சர்ச்சில் எல்லாரும் முந்தானையைத்தானே தலையில் இடுகிறார்கள், அது போதாதா என்றாள். "தலைய மூடணும்னுதானே சொல்லுதிய. இதும் தலையிலதானே இருக்குது" என்றாள் சித்தி. "நீ படிச்சவ. உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு பெரியம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். பெரியம்மா உனக்கே தெரியும் என்று சொன்னால் அதைச் செய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

நான் அந்த மௌனத்தைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதனால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் கல்யாணத்தில் நான்தான் ஃபிளவர் கேர்ள். வெள்ளை கவுன் போட்டு, சின்னக் கூடையில் பூவிதழ் வைத்துக்கொண்டு மணப்பெண்ணுக்கு முன்னால் சர்ச்சுக்குள் நடக்க வேண்டும். எனக்கு வாங்கி வைத்திருந்தது பாறசாலைக் கடையில் எடுத்த ஒரு வெள்ளை ஹேர்பேண்ட். தொப்பியைப் பார்த்த பிறகு அந்த ஹேர்பேண்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சித்தியின் பின்னாலேயே சுற்றினேன். தலை வலிக்கிறதா என்று கேட்டு தைலம் தேய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் துணிந்து கேட்டும்விட்டேன்.

"கல்யாணம் கழிஞ்சா உனக்கே தாறேன் மக்கா. அன்னைக்கு ஒரு நாள் எனக்கு வேணும்" என்றாள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. கல்யாணம் முடிந்து கிடைக்கிற தொப்பியை வைத்துக்கொண்டு நான் யாருக்கு முன்னால் நடப்பது? இத்தனை பெரிய ஆளுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தேய்த்த தைலமும் வீண்.

கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்கு வருகிற பெண்களுக்குப் பூ கொடுக்கிற வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவை முழம் முழமாக அறுத்து ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். தட்டை என் கையில் தரும்போது பெரியம்மா குனிந்து, "சித்திக்க கிட்ட கொண்டுபோவண்டாம், கேட்டியா" என்றாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொப்பி வைத்திருக்கிறவளுக்குப் பூவும் எதற்கு, பெரியம்மா சொல்வது நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா போன பிறகு சித்திக்குப் பூ கிடையாது. இது யாரும் கூடிப் பேசி வைத்த சட்டம் இல்லை. நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள், இந்த மாதிரி விஷயங்களில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வேதத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வேதத்தில் எழுதாததைத்தான் எங்கள் வீட்டில் தவறாமல் கடைப்பிடித்தார்கள். தாலி அறுத்தவள் பக்கம் பூத்தட்டு போகாது, அவ்வளவுதான். துணிப்பூவுக்கும் இறகுக்கும் மட்டும் யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில், கூடப்பிறந்த ஒரே தம்பியின் கல்யாணத்தில், மற்றப் பெண்களைப் போல உடுத்திச் சிங்காரித்துக்கொண்டு நடுவில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி அந்தத் தொப்பி. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய எனக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது.

தட்டு காலியானதும் பின்னறைக்குப் போனேன். சித்தி கண்ணாடி முன்னால் நின்றாள். சாம்பல் நிறப் பட்டுச் சேலை, கொண்டை, கொண்டைக்கு மேலே சற்றுச் சரிவாக அந்தத் தொப்பி. வலை பாதி நெற்றியில் விழுந்திருந்தது. அவள் அழகாக இருந்தாள். அன்று சொல்லாததால் இப்போது சொல்லியே ஆக வேண்டும், அத்தனை அழகாக இருந்தாள்.

"மக்கா, இஞ்ச வா. உள்ளத சொல்லணும்" என்றாள். "நீ இங்க நிறைய கல்யாணத்துக்கு போறவளாக்கும். கல்யாணத்துக்கு வாற பொம்பளைய இப்பவும் தலையில இது மாதிரி வச்சோண்டு வாறது உண்டா? இல்ல, அந்த ஃபேஷன் போயிட்டா?"

எனக்கு உள்ளது தெரியும். முந்தின மாதம்தான் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்தில், வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் முத்து வளையமும் இறகுக் கிளிப்புமாக நடந்ததை வாயைப் பிளந்து பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசி அம்மாவிடம் திட்டும் வாங்கியிருந்தேன்.

"அதெல்லாம் போச்சு சித்தி. இப்ப ஆரும் வைக்கதில்ல. வச்சா சிரிப்பாவ" என்றேன்.

"அப்பிடியா" என்றாள் சித்தி. கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்தாள். கையை உயர்த்தித் தொப்பியை எடுத்தாள். சீப்புப் பல்லில் முடி சிக்கிக்கொண்டது, மெதுவாக ஒவ்வொன்றாக விடுவித்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, ஹேர்பேண்டைக் கழற்றிவிட்டு, அதை என் தலையில் வைத்துத் தன் கொண்டையிலிருந்து இரண்டு ஊசியை எடுத்துக் குத்தினாள். குழந்தைகள் வைத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றாள். முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு வெளியே போனாள்.

நான் நினைத்ததைவிட அது சுலபமாக நடந்துவிட்டது. சர்ச்சில் மணப்பெண்ணுக்கு முன்னால் நடந்தேன். பூவிதழைத் தூவ மறந்து, இறகு ஆடுகிறதா என்று பார்ப்பதற்காகத் தலையை ஆட்டி ஆட்டி நடந்தேன். மணப்பெண்ணை விட்டுவிட்டு என்னைப் பார்த்தவர்கள் உண்டு. பெரியம்மாகூட, "கொள்ளாமே" என்று பாராட்டிக் கன்னத்தைக் கிள்ளினாள். அதே தொப்பிதான்.

சாப்பாடு ஆடிட்டோரியத்தில். பெண்வீட்டார் அதியன்னூர்க்காரர்கள். அவர்களில் சிலர் நேராக அங்கே வந்து வேனிலிருந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் தலையில் சிவப்பு வலைத் தொப்பி. அடுத்தவளுக்கு முத்து வளையம். மூன்றாமவள் தலையில் என்னுடையதைவிட நீளமான இறகு. சிவப்புத் தொப்பிக்காரி என்னைப் பார்த்ததும் கையைத் தட்டி, "அய்யோ, ஈ மோளெ காணான் எந்து பங்கியா!" என்று மலையாளத்தில் என் அழகை மெச்சிக் கூவினாள். யார் வைத்துவிட்டது என்று கேட்டாள். நான் சித்தியைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். அவள் சித்தியிடம் போய், இத்தனை நல்ல சாதனத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு சேச்சி ஏன் வைக்கவில்லை, இப்போது எல்லாரும் இதுதானே வைக்கிறார்கள் என்று மலையாளத்தில் வெள்ளந்தியாகக் கேட்டாள்.

சித்தி அவள் தலையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மற்ற இரண்டு பேர் தலையையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு பிடிச்சுப் போச்சு" என்றாள்.

எழுந்து என் பக்கம் வந்தாள். பிடுங்கப் போகிறாள் என்று நினைத்து இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை எடுத்துவிட்டு, சரிந்திருந்த ஊசியைச் சரியாகக் குத்தினாள். திரும்பிப் போய், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, எல்லாருடைய கைப்பையும் தன் மடியில் இருக்கிறது, யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று சொல்லி வராமலே இருந்துவிட்டாள். யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. அந்த ஆல்பத்தில் சித்தி இருக்கிற ஒரு படமும் இல்லை. நான் இல்லாத படம் அபூர்வம்.

அதன் பிறகு எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இறங்கியது. பிரியாணி இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.

நாலு நாள் கழித்து சித்தி கிளம்பும்போது அட்டைப்பெட்டியோடு போய் அவள் முன்னால் நின்றேன். பெட்டியை அவளிடம் நீட்டினேன். "உனக்குள்ளதுன்னு அப்பளே சொன்னேன்லா" என்று தலையைத் தடவினாள். பிறகு அவள் ஊருக்கு இரண்டு முறை வந்தாள், கல்யாணம் எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்து வந்தாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அவளிடமிருந்து பரிசு மட்டும் வரும். லீவு கிடைக்கவில்லை என்பாள். அந்தத் தொப்பியை நான் மறுபடி ஒரு தடவையும் வைத்ததில்லை.

நான் காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் அம்மா அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டி கையில் வந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்க சித்தி அந்த ஆறு நாளும் ஓரோருத்தருட்டயா கேட்டோண்டு நடந்தா" என்றாள். "அக்கா பதில் சொல்லல்ல. தம்பி சிரிச்சான். எனக்கிட்ட வந்தா, நான் அக்காகிட்ட கேளுன்னு சொல்லி விட்டேன். நல்லா இருக்குடி, வைன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன போச்சு? ஒராள் சொன்னாப் போதும், வச்சிருப்பேன்னு ஏர்போட்டுல வச்சு என்னைக் கெட்டிப் பிடிச்சு அழுதா. ஒராளும் சொல்லல்ல மக்கா."

அம்மா அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தி என்னிடமும் கேட்டாள் என்பதை அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. சித்தியும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது.

ஒன்பது வயதில் எனக்கு நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள ஃபேஷன் அத்தனையும் தெரிந்திருந்தது. பெரியவள் ஒருத்தி ஒரு குழந்தையைக் கூப்பிட்டு இது எனக்கு ஆகுமா என்று கேட்கிறாள் என்றால், அந்த வீட்டில் மற்ற எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது தெரியவில்லை.