கலைச்செல்வி மேடத்தைக் கூப்பிடவும்

கலைச்செல்வி மேடம் போய்விட்டார். இன்று காலை, விழுப்புரத்தில் வீட்டிலேயே. மாரடைப்பாம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே டைப் செய்கிறேன். உட்கார முடியவில்லை. வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுக்கொண்டிருக்கிறேன்... ஏன் என்று கேட்காதீர்கள்.

ஏன் என்று கேட்பது மேடத்தின் வேலை.

நானும் மேடமும் ஒரே காலேஜில், ஒரே மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் வாத்தியார்கள். பழுது கண்டுபிடிக்கப் பசங்களைப் பழக்க மேடம் ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம் எழுதினார். தன் மண்டையில் இருந்ததை எல்லாம் 'இப்படி இருந்தால் இதைப் பார்' என்று விதி விதியாகக் கம்ப்யூட்டரில் இறக்கிவைத்தார்.

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய் என்று அது கேட்கும். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி, ஏன்? விடையை மட்டும் சொல்லாது.

முதல் டெஸ்ட்டுக்கு என்னைத்தான் உட்கார வைத்தார். நான் நேராக மோட்டாரைக் கழற்றப் போனேன். பழுது தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில், ஃபுட் வால்வில்... கேன்டீன் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு எரிச்சல். எக்ஸாம் வருகிறது, விடையைக் காட்டித் தொலையுங்கள் என்று சண்டை போட்டேன்.

"குடுத்தா எழுதிக்கினு போய்டுவாங்க சார். அடுத்த பம்பு நின்னா யார கேப்பாங்க?"

சரி, விதி எல்லாம் தீர்ந்த பிறகும் ஒருவன் முழித்தால் என்ன செய்வீர்கள் என்று மடக்கினேன். அதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். "கலைச்செல்வி மேடத்தைக் கூப்பிடவும்."

அந்த வரி திரையில் வந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில்கூட எழுந்து வருவார். வந்தும் விடை சொல்லமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எங்க கொழம்புன, மொதல்லேந்து சொல்லு" என்பார்.

இன்று லேபில் பிராக்டிகல். எனக்கு போன் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

"சார், மேடத்த கூப்பிட சொல்லுது."

பக்கத்தில் போய் நின்றேன்.

நாளை அடுத்த பேட்ச். அதற்குள் அந்த வரியில் என் பெயரைப் போடச் சொல்லிவிட்டார் எச்ஓடி. நியாயம்தான். ஃபைலைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்... கை போகவில்லை. கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

விழுப்புரம் பஸ் வந்துவிட்டது. இதில் ஏறிவிடுகிறேன்.

பெயரை மாற்றவில்லை மேடம். கூப்பிட்டால் எப்போதும் நீங்கள்தான் வருவீர்கள்... இன்றைக்கு நான் வருகிறேன்.