இருபது மாத்திரையும் ஒரு டப்பாவும்

லம்பாசா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வரனிசெசே இருபத்திரண்டு வருஷமாக மூத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறாள். கிருமியைப் பூசிய தட்டில் மருந்துப் பொட்டுகளை வைத்து, மறுநாள் காலை ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் கிருமி எவ்வளவு தூரம் ஒதுங்கியிருக்கிறது என்று அளவுகோலால் அளப்பது உத்தியோகம். வட்டம் பெரிதானால் மருந்து கேட்கும்; வட்டமே இல்லையென்றால் கிருமி மருந்தை மதிக்கவில்லை என்று பொருள். அவள் முடிவை எழுதி மேலே அனுப்புவதற்குள் நோயாளி வேறேதோ மாத்திரையோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அறிக்கைகள் கோப்பில் மிகவும் பத்திரமாக இருந்தன.

போன மாதம் மூத்திர எரிச்சல் அவளுக்கே வந்தது. அமாக்சிசிலின் வாங்கினாள். இரண்டாம் நாளே சுகமானதும், மீதி மாத்திரைகளைக் கேட்டு அண்ணி லைசானி வந்து 'கெரெகெரே' என்றாள். தீவு வழக்கப்படி, சொந்தக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டால் படகையே கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. கொடுத்தாள். ஊருக்கெல்லாம் முழுசாகச் சாப்பிடச் சொல்கிறவள்தான் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் எரிச்சல் திரும்பியது. இந்த முறை தன் தட்டைத் தானே அளந்தாள். அமாக்சிசிலின் பொட்டை ஒட்டியே கிருமி சௌகரியமாகப் படுத்திருந்தது. இன்னும் மூன்று பொட்டுகளுக்கும் அதே மரியாதை. நைட்ரோபுரன்டாயின் ஒன்றுக்கு மட்டும் பத்தொன்பது மில்லிமீட்டர். நாளைக்கு நாலு வீதம், ஐந்து நாளைக்கு இருபது மாத்திரை.

இரண்டாம் நாள் மாலை லைசானி வந்து பாயில் உட்கார்ந்தாள். மரவள்ளி விலை, பாதிரியாரின் இருமல் எல்லாம் பேசி முடித்தபின் விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கும் எரியுது வரனி. ஒரு ஆறு மாத்திர, கெரெகெரே."

பையில் பதினான்கு இருந்தது. ஆறைக் கொடுத்தால் இருவரில் ஒருவருக்கும் போதாது. கொடுக்காவிட்டால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. வரனிசெசே களைப்போடு பைக்குள் கைவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது என்னடி?"

"கேட்டா ஏதாவது குடுக்கணும் அண்ணி, குடுத்துட்டேன். காலைல மொத மூத்திரத்த இதுல புடிச்சு என்கிட்ட கொண்டா. உனக்கு எது கேக்கும்னு பாத்து, இருபதும் உன் பேர்லயே வாங்கித் தரேன்."

"மாத்திர கேட்டா மூத்திரம் கேக்குற. உங்க வம்சமே கஞ்ச வம்சம்," என்று லைசானி சிரித்தாள். சிரித்தாளே தவிர, தேநீர் குடிக்காமல் போனாள்.

வரனிசெசே இருபதையும் விழுங்கி முடித்தாள். எரிச்சல் போனது. டப்பா வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் வந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று, தேங்காய்ப்பாலில் ஊறிய நாமா என்ற கடல்பாசியால் நிரப்பியிருந்தாள் லைசானி.

"எரிச்சல்?" என்றாள் வரனிசெசே.

"அத்தை மக கிட்ட ஆறு மாத்திர கிடைச்சுது. ரெண்டாம் நாளே சரியாப் போச்சு. மிச்சத்த ஓர்ப்படிக்குக் குடுத்துட்டேன்."

போன மாதம் தானும் இதையேதான் செய்தது நினைவுக்கு வர, வரனிசெசே டப்பாவைத் திறந்து ஒரு கொத்தை வாயில் போட்டுக்கொண்டாள். பாசி ருசியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் புது டப்பா ஒன்றை எடுத்து, லைசானியின் பெயரையும் வயதையும் எழுதி அலமாரியில் வைத்தாள். தேதிக்கான இடத்தை மட்டும் விட்டுவைத்தாள்.