எட்டு வாரம் அளந்த கிணறு

நான் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களின் மேலேயே கன்னியம்மா கீரைக் கூடையை இறக்கி வைத்தாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் விற்காமல் திரும்பி வந்த முளைக்கீரை. அவள் சத்தம் போடவில்லை.

"இத்தினி வருசமா வித்துக்கினு கீறேன். எங்க கீரய துன்னுட்டு யாராச்சும் செத்தாங்களா டீச்சர்? இப்ப ஒருத்தரும் தொட மாட்றாங்க. நீங்களே வச்சிக்கங்க."

ஆசிரியர் அறையில் நாலு பேர் இருந்தோம். அவள் கூடையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆறு நாட்டுப் பாடம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஒரு பயிற்சி முகாமில் கூட்டுத் திட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். ஆறு நாட்டு ஆசிரியர்கள் மெயிலில் பேசிப் பேசியே சுற்றுச்சூழல் பாடங்கள் எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். பின்லாந்திலிருந்த மார்யா என்ற ஆசிரியை தலைமை. பிலிப்பைன்ஸ்காரி லூஸ் எனக்கு ஜோடி. நான் எழுதுவதை அவளும் அவள் எழுதுவதை நானும் திருத்த வேண்டும்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் இணைய இணைப்பு கிடையாது. சனிக்கிழமைகளில் பஜாருக்குப் போவேன். அங்கே பழவேற்காட்டுக்காரர் பஷீர் பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஒரு போட்டோ ஏறுவதற்குள் டீ ஆறிப்போகும். என் பாடம் வெளிநாட்டுக்குப் போகிறது என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை.

எங்களுக்கு விழுந்த தலைப்பு நீர். பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு நீர்நிலையை மாணவர்கள் எட்டு வாரம் அளந்து, முடிவை வரைபடத்தோடும் படத்தோடும் பாடமாக்க வேண்டும். நீரைச் சோதிக்கும் கிட் ஒன்றை மார்யா தபாலில் அனுப்பினாள். கன்னியம்மாவின் கணவர் முனிரத்தினத்தின் கிணறு பள்ளிக்குப் பின்னால், தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் மதில் ஓரமாக இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் கீரை பயிரிட்டார்கள். அவருடைய மகள் செல்வி என் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். அனுமதி கேட்டேன்.

"எடுத்துக்கங்க டீச்சர், புள்ளைங்க படிக்கட்டும்" என்றார். படம் கம்ப்யூட்டரில் வரும் என்றேன். சிரித்துக்கொண்டே கிணற்றடியில் நின்றார். முடிவு எப்படி வந்தாலும் அது ஊரெல்லாம் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

எட்டு வாரமும் செல்விதான் வாளியில் நீர் இறைத்தாள். உப்பின் அளவு வாரத்துக்கு வாரம் ஏறியது. குடத்தில் வைத்த நீரில் மறுநாள் செம்மஞ்சளாக வண்டல் படிந்தது. மழை பெய்த வாரம், மதிலுக்கு அடியிலிருந்து கசிந்து வந்த தண்ணீரையும் பிடித்து அளந்தோம். அது கிணற்று நீரைவிட மோசம். பன்னிரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். மார்யா அதைத்தான் சிறந்த பாடம் என்று முதல் பக்கத்தில் வைத்தாள்.

பேப்பர்க்காரர் வந்த பிறகு

தலைமையாசிரியர் பெருமையோடு உள்ளூர் நிருபரைக் கூப்பிட்டார். கிணற்று நீர் கெட்டுவிட்டதை மாணவர்கள் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. முனிரத்தினத்தின் முகம் பெரிதாக, கிணறு பின்னால். மதிலைப் பற்றி ஒரு வரி இல்லை. கசிவைப் பற்றிச் சொன்னதை ஆதாரம் போதாது என்று நிருபர் விட்டுவிட்டார்.

அந்த வாரமே ஒரு அரசு ஜீப் வந்தது. இறங்கியவர்கள் கிணற்றில் தண்ணீர் பிடித்தார்கள், குடிக்க உகந்ததல்ல என்று சிவப்பு போர்டு அடித்தார்கள், போனார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பஜாரில் கீரை விற்பது நின்றது. சத்துணவுக்கும் முனிரத்தினம் வீட்டில் கீரை வாங்க வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கன்னியம்மா கூடையோடு வந்தது அதற்கு அடுத்த நாள்.

முனிரத்தினத்தின் படத்தையும் கிணறு இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் எடுத்துவிடுமாறு மார்யாவுக்கு எழுதினேன். அன்பாகத்தான் பதில் வந்தது. அந்த மனிதரின் முகம்தான் பாடத்துக்கு உயிர் என்றும், நாலு மொழியில் போய்விட்டது என்றும், குழுவைக் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். பருவம் முடியும்போது படம் போனது. வரைபடம் அப்படியே இருந்தது. லூஸ் மட்டும் தனியாக எழுதினாள்: தன் பாடங்களில் யாருடைய முகத்தையும் அவள் போடுவதில்லையாம், எனக்கு முன்பே சொல்லாதது தன் தப்பாம்.

கசிவைப் பற்றி மனு கொடுக்கலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "இன்னாத்துக்கு பேஜாரு? நாம கவர்மெண்ட் ஸ்டாஃப். பாடம் நடத்துங்க, போதும்" என்றார். எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. மனு எழுதவில்லை.

மறு வருடம் முனிரத்தினம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் லேபராகச் சேர்ந்தார். செல்வி பத்தாவதை முடிக்கவில்லை. ஒருநாள் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்து, என்னால்தான் எல்லாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"தண்ணிய கெடுத்தது நீங்க இல்ல டீச்சர். அது எனக்கு தெரியும். ஆனா கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு நீங்க ஊட்டுக்கு போய்ட்டீங்க. நாங்க எங்க போறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரயில் வந்தது, ஏறிப் போனார்.

இப்போது வகுப்போடு ஏரியையும் கிணற்றையும் அளக்கக் கிளம்பும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். கிணற்றுக்காரரிடம் முதலில் முடிவைச் சொல்லுங்கள். அவரோடு உட்கார்ந்து மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுங்கள். பாடம் அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம். எட்டு வாரத்து அளவுகள் என் நோட்டில் தேதியோடு இருந்தன, கசிவின் அளவும் இருந்தது. திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு நேர் பஸ்ஸும் இருந்தது. நான் போகவில்லை.