பழைய குழாயை அறுத்தவர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவியால் கொல்லைக் குளியலறைக்குப் படியிறங்க முடியவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு பழைய இரும்புக் குழாய் தரைக்கடியில் தெருச் சாக்கடைக்கு ஓடுகிறது. அவள் படுக்கும் அறைக்குள் ஷவர் வைத்து, அந்தத் தண்ணீரை இந்தக் குழாயில் சேர்க்க ஒரு பிளம்பர் வந்தார். ஒல்லியானவர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. இரும்பு அறுக்கும், பிடியில்லாத ஆக்ஸா பிளேடில் துணியைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க அந்தக் குழாயை அறுத்தார். பார்க்கிற எனக்கே கை வலித்தது.

“சுத்தியால தட்டினா சீக்கிரம் முடியுமே?” என்று தயங்கித்தான் கேட்டேன்.

“முடியும்ணா. பக்கத்து வூடு வரைக்கும் விரிசல் வுட்டுடும். அப்புறம் அவங்ககிட்ட யாரு பேசறது, நீங்களா?”

என் கூச்சம் ஒரே நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் புதுக் குழாயைச் செருகி, சிமெண்ட் பூசி, “காயட்டும், நாளைக்குக் குளிங்க” என்றார்.

“பத்து நாளா உடம்பத் தொடச்சிக்கினே கெடக்கறேன், இன்னும் ஒரு நாளா?” என்றாள் மனைவி. அவர் பிளேடைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை கூப்பிடாமலே வந்தார். அவள் உள்ளே குளிக்க, தெருச் சாக்கடையோரம் குந்திக் குழாய் வாயையே பார்த்திருந்தார். சோப்பு நுரை வந்தது.

“வந்துட்சிண்ணா. அக்காவ நல்லா ஊத்திக்கச் சொல்லுங்க.”

டீ குடிக்கச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது. வேலையைச் சரிபார்க்க வந்தாரா, அவள் அலுத்துக்கொண்டதற்காக வந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு, 9 மார்ச் 2008.