சட்டையைப் பார்த்து அழுத அம்மா

நான் திருநங்கை. ஊரை விட்டு வந்தபோது, சேலை கட்டிய என்னைத் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியும் உள்ளே விடவில்லை. கடைசியில் முடியை வெட்டி, பேண்ட் சட்டை போட்டு, பழைய பெயரைச் சொல்லி, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் சேர்ந்தேன்.

ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் மூலனூரிலிருந்து அம்மா கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதார். சட்டைக் காலரை நீவிவிட்டார்.

“கண்ணு, சரியாயிட்டியா! ஊட்டுக்குப் போலாம் வா சாமி. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த அணைப்பு. பேசாமல் இருந்துவிடலாமா என்று மனம் தவித்தது. முடியவில்லை.

“இல்லீங்கம்மா, இது வேலைக்காகப் போட்ட துணி. நான் மாறலீங்க. உங்க பொண்ணாத்தான் இருக்கேன்.”

அம்மா காலரிலிருந்து கையை எடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பிறகு வரவேயில்லை. அவர் இறந்துபோன செய்திகூட அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது கம்பெனிகளிடமிருந்து தைத்த துணிகளை வாங்கி வந்து, அறையிலேயே நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். கடைத்தெருவுக்கும் சேலையில்தான் போகிறேன். இனி யார் என்னைத் தேடி வந்தாலும், என்னைத்தான் பார்க்க வேண்டும்.

- ஒரு வாசகி, திருப்பூர்